அத்தையோட விரல் வீக்கமும் மாமா வெட்டுன ஷீட்டும்

"இதுனாலதான் அது வந்துச்சு"ன்னு யாராச்சும் அடிச்சு சொன்னா எனக்கு இப்பல்லாம் சட்டுனு எரிச்சல் வந்துருது. "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க"ன்னு கைய உதறிட்டுப் போறவங்களப் பாத்தாலும் அதே எரிச்சல்தான் வருது. ரெண்டு பக்கமும் எரிச்சல்பட்டா அப்ப நீ எங்கதான் நிக்கிறன்னு அத்தை மகன், என் மச்சான், கேட்டாரு. அவருக்கு நேர்ல சொல்ல வரல, பேச ஆரம்பிச்சாலே சண்டைல போய் முடியுது, அதான் அத்தைக்கு வந்த நோய்க்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் சம்பந்தம் இருக்கான்னு உக்காந்து எழுதிடலாம்னு தோணுச்சு.

அத்தைக்கு, அப்பா கூடப் பொறந்தவங்க, திண்டுக்கல் பக்கம் கிராமம், ருமட்டாய்டு. ஊர்ல சரவாங்கின்னு சொல்லுவாங்க. காலைல எந்திரிச்சா விரல மடக்க முடியாது, சேலை கொசுவம் வைக்க மக வந்து நிக்கணும், வெயில் ஏறுன பொறவுதான் கை கொஞ்சம் இளகிக் குடுக்கும். ரொம்ப நாள் வயசானா வர்ற மூட்டுவலின்னே தைலம் தேச்சிட்டு இருந்தாங்க, பொறவு ஒரு டாக்டர் ரத்தம் எடுத்துப் பாக்கச் சொல்லி, ஆர்ஏ பேக்டர், ஆன்ட்டி சிசிபி எல்லாம் எகிறிக் கெடந்துச்சு, ஏஎன்ஏவும் பாசிட்டிவ். இதெல்லாம் நம்ம ஒடம்பையே எதுக்குற ஆன்ட்டிபாடி ரத்தத்துல இருக்கான்னு பாக்குற டெஸ்டுங்க. இப்ப வாரம் ஒரு தடவ மெத்தோட்ரெக்ஸேட், போலிக் ஆசிட், அது போக வலி மாத்திரை. ருமட்டாய்டுங்கிறது நம்ம ஒடம்ப காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே நம்ம மூட்டப் போட்டுத் தாக்குற நோய், இந்த மாதிரி நோயத்தான் ஆட்டோ இம்யூன்னு சொல்றாங்க. டாக்டர் இத சொன்னப்ப அத்தை கேட்ட மொத கேள்வி, "எதுனாலங்கய்யா வந்துச்சு?" டாக்டர் "இன்ன காரணம்னு சொல்ல முடியாதும்மா"ன்னாரு. அந்த பதில் எங்க வீட்டுல யாருக்கும் போதல.

அந்த எடத்துலதான் மச்சானுக்கு ஒரு வாட்ஸ்அப் பார்வர்டு வந்து சேந்துச்சு. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழ இருந்தா ஆட்டோ இம்யூன் நோய் வரும், உடனே அகற்றுங்கள், கீழ நாலு ஆச்சரியக்குறி. அத்தை வீட்டு முன்பகுதி ஓட்டு வீடு, பின்னாடி சமையக்கட்டு, தாழ்வாரம் எல்லாமே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், அதுவும் மாமா கையாலேயே போட்டது. மச்சான் முடிவு பண்ணிட்டாரு. ஞாயித்துக்கிழமை நாலு பசங்களக் கூட்டிட்டு வந்து சம்மட்டியால அடிச்சு எறக்கிடலாம்னு பேசிட்டாரு. நான்தான் "மச்சான், கொஞ்சம் பொறுங்க, அடிச்சு ஒடைக்கிறதுதான் இருக்கறதுலயே மோசம்"னேன். "எல்லாத்துக்கும் ஆதாரம் கேக்குற ஆளாச்சே நீ, படிச்சுட்டு வந்து சொல்லு"ன்னு விட்டுட்டாரு. அப்படித்தான் நான் இதுக்குள்ள போனேன்.

மாமாவோட தூசி

மாமா ஷீட் போடுற மேஸ்திரி. கோழிப்பண்ணை, ரைஸ்மில்லு, நூல் மில்லு குடோன், மண்டபத்துக்குப் பின்னாடி சமையல் கொட்டகைன்னு சுத்துவட்டாரத்துல அவரு ஏறாத கூரை இல்ல. சின்ன வயசுல லீவுக்குப் போறப்ப வேலை நடக்குற எடத்துக்கு கூட்டிட்டுப் போவாரு. நாலு ஷீட்டு மேல மேல வந்து சேர்ற எடத்துல அப்படியே வச்சா தூக்கிக்கும், அதனால மூலைய சாய்வா வெட்டி எடுக்கணும், மேடான எடத்துல ஓட்டை போட்டு ஜே போல்ட் மாட்டணும். ஆரம்பத்துல ரம்பத்துலதான் அறுப்பாங்க, பொறவு கட்டிங் மெஷின் வந்துச்சு. மெஷின் வந்ததும் வேலை சீக்கிரம் முடிஞ்சுது, தூசி பல மடங்கு ஆச்சு. மாமா தலையில கட்டுன துண்ட அவுத்து மூக்கச் சுத்திக் கட்டிக்குவாரு, அம்புட்டுதான் பாதுகாப்பு. சாயந்தரம் வீட்டுக்கு வர்றப்ப புருவம், கைமுடி எல்லாம் வெள்ளையா இருக்கும். அத்தை அவரோட லுங்கியையும் சட்டையையும் கெணத்தடியில நின்னு நல்லா உதறுவாங்க. உதறாம ஊறப்போட்டா சிமெண்டு மாதிரி பிடிச்சுக்கும்பாங்க.

ஷீட்டுல இருக்கறதுல பத்துல ஒரு பங்கு அளவுக்குத்தான் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், மிச்சம் சிமெண்டும் சாம்பலும். கூரையா ஒடையாம கெடக்குற வரைக்கும் நாரு சிமெண்டுக்குள்ள கட்டுண்டு இருக்கும். அறுத்தா, ஓட்டை போட்டா, ஒடைச்சா, இல்ல வருசக்கணக்கா வெயில் மழையில மேல்பூச்சு அரிச்சுப்போனா வெளிய வரும். கண்ணுக்குத் தெரியுற தூசி கீழ விழுந்துரும், தெரியாத நாருதான் காத்துல நிக்கும். மாமா சில வருசம் முன்னாடி இளைப்புலதான் போனாரு. பீடி குடிச்சாரு, அதான்னு எல்லாரும் முடிச்சுட்டாங்க. பீடி குடிச்சாருதான், அதுல பொய்யில்ல. ஆனா அத்தன டாக்டர் சீட்டுலயும் எக்ஸ்ரே கவர்லயும் தேடிப் பாத்தேன், அவரு என்ன வேலை பாத்தாருன்னு ஒரு எடத்துல கூட யாரும் எழுதல.

லிபி

ஆஸ்பெஸ்டாஸையும் ஆட்டோ இம்யூனையும் சேத்துத் தேடுனா திரும்பத் திரும்ப ஒரே ஊர் பேருதான் வருது. லிபி. அமெரிக்காவுல மோன்டானா மாநிலத்தோட வடமேற்கு மூலை, கூட்னே ஆத்தங்கரையில மலைக்கு நடுவுல இருக்குற, மூவாயிரம் பேர் கூட இல்லாத டவுன். அங்க மலையில வெர்மிகுலைட் வெட்டி எடுத்தாங்க. சூடு பண்ணுனா பொரிஞ்சு லேசாகுற ஒரு கனிமம், வீட்டு மச்சுல குளிர் தாங்குறதுக்குக் கொட்டுவாங்க, தோட்டத்து மண்ணுல கலப்பாங்க. 1990 வரைக்கும் அமெரிக்காவுல வித்த வெர்மிகுலைட்ல 70 சதவீதத்துக்கு மேல இந்த ஒரே சுரங்கத்துல இருந்து போனதுதான். 1963ல டபிள்யூ. ஆர். கிரேஸ் கம்பெனி சுரங்கத்த வாங்குச்சு, 1990ல மூடுச்சு. வில்லங்கம் என்னன்னா அந்த மலையில வெர்மிகுலைட்டோட ஆஸ்பெஸ்டாஸும் பின்னிக் கெடந்துச்சு.

தொழிலாளிங்க மேல தூசியோட வீட்டுக்குப் போனாங்க, பொண்டாட்டிங்க அந்தத் துணிய தொவைச்சாங்க, புள்ளைங்க கழிவுக் குவியல் மேல ஏறி வெளையாடுனாங்க, பேஸ்பால் மைதானத்துக்குப் பக்கத்துலயே ஆலை இருந்துச்சு, பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயப் பாதையில கூட அத கொட்டியிருந்தாங்க. கெய்லா பெனிஃபீல்ட்னு ஒரு அம்மா, அவங்க அப்பா சுரங்கத்துல வேலை பாத்தவரு, அம்மாவுக்கு அந்த வீட்டுக்கு வந்த தூசிலயே நுரையீரல் கெட்டுப்போச்சு. ஊரே கம்பெனிய நம்பிட்டு இருந்தப்ப இவங்க வருசக்கணக்கா கத்திட்டு இருந்தாங்க, கூட இருந்தவங்களே கண்டுக்கல. 1999ல சியாட்டில் பத்திரிகை ஒண்ணு வெளிய கொண்டு வந்த பொறவுதான் மத்திய சுற்றுச்சூழல் ஏஜென்சி வந்து எறங்குச்சு. 2009ல பொது சுகாதார அவசரநிலைன்னு அறிவிச்சாங்க, அமெரிக்காவோட நச்சுக்கழிவுச் சட்டத்துல அதுக்கு முன்னாடி எந்த ஊருக்கும் அப்படி அறிவிச்சது கெடையாது. அதே 2009ல கம்பெனி மேலயும் அதிகாரிங்க மேலயும் போட்ட கிரிமினல் கேஸ்ல எல்லாரும் விடுதலை. இத படிச்சிட்டு நான் கொஞ்ச நேரம் போன கீழ வச்சிட்டேன்.

பொண்டாட்டிங்க துணி தொவைச்ச பகுதி வந்ததும் எனக்கு அத்தை கெணத்தடிதான் ஞாபகம் வந்துச்சு, வராம இருக்குமா. மச்சான் சொன்னது சரிதான் போலன்னு மனசு அந்தப் பக்கம் சாய ஆரம்பிச்சுது.

லிபியிலயும் சுத்துவட்டாரத்துலயும் இருக்கறவங்க, முன்னாடி இருந்தவங்கன்னு 2000, 2001ல 7,307 பேருக்கு பரிசோதனை பண்ணாங்க. எக்ஸ்ரே எடுத்தவங்கள்ல நூத்துக்கு 18 பேருக்கு நுரையீரல சுத்தி இருக்குற உறையில தடிப்பு மாதிரி மாத்தம் இருந்துச்சு. மூச்சு, புத்துநோய் இதுக்காக வந்த டாக்டருங்ககிட்ட ஜனங்க வேற என்னென்னமோ சொன்னாங்க, மூட்டு வீங்குது, ஒடம்பு அசதி, தோல்ல தடிப்பு. ஜீன் ஃபாவ்னு மோன்டானா பல்கலைக்கழகத்துல இருந்த ஒரு நோயெதிர்ப்பு ஆராய்ச்சியாளர், லிபி ஆளுங்க 50 பேரோட ரத்தத்தையும் மிசௌலாங்கிற வேற ஊர்ல அதே வயசு, அதே பால் ஆளுங்க 50 பேரோட ரத்தத்தையும் வச்சு ஏஎன்ஏ பாத்தாங்க, 2005ல வெளிவந்துச்சு. லிபி பக்கம் பாசிட்டிவ் தெளிவா அதிகம். அடுத்த வருசமே இன்னொரு ஆய்வு, அந்த 7,307 பேரு தகவல்ல இருந்து. 65 வயசுக்கு மேல இருக்கவங்கள்ல சுரங்கக் கம்பெனியில வேலை பாத்தவங்களுக்கு ருமட்டாய்டு மூணு மடங்குக்கும் மேல. இன்னொரு விசயம் அதுல எனக்கு முக்கியமாப் பட்டுச்சு, தூசி எத்தன வழியில வந்துச்சோ, வேலை, வீட்டாள் துணி, குவியல்ல வெளையாட்டு, மச்சுல கொட்டுனதுன்னு, வழி கூடக்கூட நோய் வாய்ப்பும் கூடிட்டே போகுது.

இது புதுசும் இல்ல. மார்கரெட் டர்னர் வார்விக்னு ஒரு இங்கிலாந்து டாக்டரம்மா, பின்னாடி லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் பிசிசியன்ஸுக்கு மொத பெண் தலைவரா வந்தவங்க, 1970லயே இன்னொருத்தரோட சேந்து ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளிங்க ரத்தத்துல ருமட்டாய்டு பேக்டரும் ஏஎன்ஏவும் இருக்கறதப் பத்தி எழுதியிருக்காங்க.

எப்படி நடக்குதுங்கிறதுக்கு ஆராய்ச்சியாளருங்க சொல்ற வெளக்கம் இதுதான். நுரையீரல்ல தூசியக் கவ்வி முழுங்குற செல்லுங்க இருக்கு. ஆஸ்பெஸ்டாஸ் நாரு அந்த செல்ல விட நீளம். தொண்டையில மீன் முள்ளு குறுக்க நின்ன மாதிரி, முழுங்கவும் முடியாது துப்பவும் முடியாது. அந்த செல்லு தவிச்சு வெசமான ரசாயனத்தக் கக்குது, சுத்தி இருக்கற செல்லுங்க செத்துப்போகுது, சாகுறப்ப உள்ள இருக்க வேண்டிய புரோட்டீனெல்லாம் செல்லோட மேற்பரப்புல வந்து நிக்குது. எதிர்ப்பு சக்தி அத அந்நியமா நெனச்சு ஆன்ட்டிபாடி செய்ய ஆரம்பிச்சுருது. நாரு கரையாது, அதனால இது ஒரு தடவையோட நிக்கிறதும் இல்ல, வருசக்கணக்கா நடக்குது.

ஆனாலும் படிக்கிறப்பவே உறுத்துச்சு. அந்த 2006 ஆய்வுல நோய் இருக்கா இல்லையாங்கிறது ஆளுங்க அவங்களே சொன்னது. நம்ம ஊர்ல மட்டுமில்ல, எல்லா ஊர்லயும் வயசானவங்க தேய்மான மூட்டுவலியையும் ருமட்டாய்டையும் கொழப்பிக்குவாங்க. ஏஎன்ஏ பாசிட்டிவ்னா நோய்னும் அர்த்தமில்ல, நல்லா இருக்கற ஆளுங்கள்லயே கொஞ்சப் பேருக்கு பாசிட்டிவ் வரும். இருந்தாலும் ரத்தம், கேள்வித்தாள், பொறவு எலியில பண்ணுன சோதனை எல்லாம் ஒரே பக்கம் கை காட்டுறப்ப சும்மா தள்ளிவிடவும் முடியாது.

வெள்ளை நாரு, வேற நாரு

எலியப் பத்தி சொன்னேன்ல, அங்கதான் என் நெனப்புக்கு மொத அடி விழுந்துச்சு. ஆஸ்பெஸ்டாஸ்ங்கிறது ஒரே பொருள் இல்ல. லிபி மலையில இருந்தது ஆம்பிபோல் வகை, நேரா ஊசி மாதிரி இருக்கும், நுரையீரல்ல பல பத்து வருசம் அப்படியே கெடக்கும். நம்ம ஊரு ஷீட்டுல இருக்கறது கிரைசோடைல், வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ், சுருண்ட நாரு, ரஷ்யா, கஜகஸ்தான், பிரேசில்ல இருந்தெல்லாம் கப்பல்ல வருது. உலகத்துலயே அதிகமா எறக்குமதி பண்றது இந்தியாதான். இது நுரையீரல்ல அத விட சீக்கிரம் ஒடைஞ்சு போயிடும். 2014ல வந்த ஒரு எலி ஆய்வுல ரெண்டையும் தனித்தனியா குடுத்துப் பாத்திருக்காங்க. ஆம்பிபோல் குடுத்த எலிக்கு ஏஎன்ஏ வந்துச்சு. கிரைசோடைல் குடுத்த எலிக்கு வரல. அதுவும் இது லிபிய விமர்சிக்கிறவங்க பண்ணுன ஆய்வு இல்ல, ஜீன் ஃபாவ் குழுவே பண்ணுனது. ஜப்பான்ல இன்னொரு குழு கிரைசோடைல வச்சு எதிர்ப்பு செல்லுங்கள ஆராய்ஞ்சப்ப அது புத்துநோய எதுத்து நிக்கிற சக்தியக் கொறைக்குதுன்னு வந்திருக்கு, அது வேற கெடுதி, நாம பேசுற கெடுதி இல்ல.

மச்சானுக்கு போன் போட்டு சொன்னேன். ஒரு நிமிசம் பேசாம இருந்துட்டு, "அப்ப ஷீட்டு நல்லதுங்கிறியா?"ன்னாரு. இல்ல மச்சான், நல்லதுன்னு நான் எங்க சொன்னேன். உலக சுகாதார அமைப்போட புத்துநோய் ஆராய்ச்சி ஏஜென்சி வெள்ளை உட்பட எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸையும் மொத வகுப்பு புத்துநோய் காரணின்னு எழுதி வச்சிருக்கு, நுரையீரல், குரல்வளை, சினைப்பை, பொறவு நுரையீரல் உறை மாதிரி எடத்துல வர்ற மீசோதீலியோமாங்கிற புத்துநோய். ஐரோப்பாவுல 2005லயே தடை, அமெரிக்காவுலயே 2024ல கிரைசோடைலத் தடை பண்ணிட்டாங்க. வெள்ளை சாதுவானதுன்னு சொல்லிட்டுத் திரியுற வியாபாரக் கூட்டத்துக்கு இந்த எலி ஆய்வு கெடச்சா கொண்டாடும், அது எனக்கும் தெரியுது. அதுக்காக நமக்கு வேண்டிய ஆய்வ மட்டும் எடுத்துக்கிட்டு வேண்டாதத மறைச்சா அந்தக் கூட்டத்துக்கும் நமக்கும் என்ன வித்தியாசம். புத்துநோய் வரும்ங்கிறதுக்கு ஆதாரம் மலை மாதிரி கெடக்கறப்ப, அத்தைக்கு வந்த சரவாங்கியையும் அதே கணக்குல எழுதணும்னு என்ன அவசரம்?

அவருக்கு இது பிடிக்கல. அவருக்குக் கோவம் ஷீட்டு மேல மட்டும் இல்ல, அப்பா வேலை பாத்தே செத்துப்போனதும் அம்மாவும் அதுலயே படுத்ததும் யாருமே கேக்காம போனது மேல. அது எனக்குப் புரியுது.

அத்தை சொன்ன இன்னொரு தூசி

அடுத்த தடவ ஊருக்குப் போனப்ப அத்தைகிட்ட நேரா உக்காந்து கேட்டேன். துணி எத்தன வருசம் அப்படி உதறுனீங்க, மாமா வீட்டுலயே ஷீட்டு வெட்டுவாரான்னு லிபி கேள்வித்தாள் மாதிரியே கேட்டுட்டு வந்தேன். அவங்க எல்லாத்துக்கும் பொறுமையா பதில் சொன்னாங்க. பொறவு தண்ணிய குடிச்சுட்டு, "ஏ மருமவனே, உங்க மாமன் தூசியவே எல்லாரும் கேக்குறீங்க, நான் மில்லுல தின்ன தூசிய ஒருத்தரும் கேக்கலயேப்பா"ன்னாங்க.

அத்தை கல்யாணத்துக்கு முன்னாடியும், அதுக்குப் பொறவு மச்சான் பொறக்குற வரைக்கும் நூல் மில்லுல வேலை பாத்தவங்க. இது எங்க எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்தான், வீட்டுல மில்லு கதை சொல்லிட்டே இருப்பாங்க, சம்பளத்துல வாங்குன மொத கடிகாரம் இன்னும் பீரோல கெடக்கு. ஆனா நோய்னு வந்தப்ப யாருக்கும் அந்தப் பக்கம் புத்தி போகல. மாமா வேலைதான் வேலை, அத்தை வேலை ஏதோ கல்யாணம் வரைக்கும் பொழுதுபோக்குங்கிற மாதிரி. பஞ்ச உதறிப் பிரிக்கிற ப்ளோ ரூம், சீவுற கார்டிங் பக்கம் போட்டா தலையெல்லாம் பஞ்சு, எச்சி துப்புனாலே பஞ்சு வரும், வாராந்திர லீவு முடிஞ்சு மொத நாள் உள்ள போனா நெஞ்ச யாரோ கட்டுன மாதிரி பிடிக்கும், ரெண்டாவது நாள் பழகிரும்னாங்க. அந்த மொத நாள் நெஞ்சுப் பிடிப்பு பஞ்சுத்தூசி நுரையீரல் நோய்க்கு பாடப்புத்தகத்துல போட்டிருக்குற அடையாளம். அத்தை எந்தப் புத்தகமும் படிக்கல, அப்படியே வரி பிசகாம சொல்றாங்க.

அன்னிக்கு ராத்திரி அங்க திண்ணையிலயே படுத்துக்கிட்டு பஞ்சுத் தூசி, ருமட்டாய்டுன்னு தேடுனேன். மலேசியாவுல ஒரு பெரிய ஆய்வு இருக்கு, நோய் வந்த பொம்பளைங்களையும் வராத பொம்பளைங்களையும் வச்சு ஒப்பிட்டது. ஜவுளித் தூசியில வேலை பாத்த பொம்பளைங்களுக்கு ருமட்டாய்டு வாய்ப்பு கிட்டத்தட்ட மூணு மடங்கு. லிபி சுரங்கத் தொழிலாளிக்கு சொன்ன அதே மூணு மடங்கு பக்கத்துல வருது பாருங்க. அதுவும் இது எலி இல்ல, வேற தேசத்து வேற நாரும் இல்ல, நம்ம அத்தை மாதிரியே ஆசியாவுல மில்லுல வேலை பாத்த பொம்பளைங்க. திண்டுக்கல் சுத்தி எத்தன மில்லு, அதுல எத்தன பொம்பளப் புள்ளைங்க, கொஞ்சம் நெனச்சுப் பாருங்க. ஒரு வாட்ஸ்அப் பார்வர்டு கூட இத பத்தி எனக்கு வந்ததில்ல.

கல்லுத் தூசி கதை இன்னும் பழசு. எடின்பரோவுல பிராம்வெல்னு ஒரு டாக்டர் 1914லயே கல்லு கொத்துறவங்களுக்கு தோல் இறுகிப்போற ஸ்கிளீரோடெர்மா வர்றதப் பாத்து எழுதியிருக்காரு. 1953ல வேல்ஸ்ல காப்ளான்னு ஒருத்தர் நிலக்கரி சுரங்கத்து ஆளுங்கள்ல ருமட்டாய்டு இருக்கவங்களுக்கு நுரையீரல்ல தனி மாதிரி உருண்டை தெரியுதுன்னு கண்டுபிடிச்சாரு, இன்னிக்கும் அவரு பேருலதான் அந்த நோயச் சொல்றாங்க. கல்லுல இருந்து வர்ற சிலிக்கா தூசிக்கும் ருமட்டாய்டு, லூபஸ்ங்கிற இன்னொரு ஆட்டோ இம்யூன் நோய், ஸ்கிளீரோடெர்மாவுக்கும் இருக்கற தொடர்பு ஆஸ்பெஸ்டாஸ விட பல மடங்கு உறுதியா நிக்குது. சிகரெட், பீடி புகையும் இதே வரிசைதான், நுரையீரல்ல புரோட்டீன் உருமாறி அதுக்கு எதிரா வர்றதுதான் அந்த ஆன்ட்டி சிசிபி. மூட்டுல தெரியுற நோயோட ஆரம்பம் பல பேருக்கு நெஞ்சுக்குள்ளயா இருக்கலாம்னு இப்ப ஆராய்ச்சியாளருங்க பேசிக்கிறாங்க. அத்தை நெஞ்சுக்குள்ள போனது பஞ்சு, மாமா துணியில வந்த கல்நாரு, சிமெண்டு, அவரோட பீடிப்புகை, வெறகடுப்பு. இதுல எது விரல வீங்க வச்சுச்சுன்னு பிரிச்சு எடுக்குற டெஸ்ட் எதுவும் கெடையாது. பொம்பளைங்களுக்கு இந்த நோய் ஆம்பளைங்கள விட ரெண்டு மூணு மடங்கு அதிகம் வேற, பரம்பரையும் இருக்கு.

யாரு எண்றது

லிபியில எப்படி தெரிஞ்சுது? ஊர்ல 7,307 பேர வரிசையா நிக்க வச்சு எக்ஸ்ரே எடுத்து, எங்க வேலை பாத்த, யாரு துணி தொவைச்ச, சின்ன வயசுல எங்க வெளையாடுனன்னு கேட்டு எழுதுனதால தெரிஞ்சுது. அதுக்கே பத்திரிகை, கோர்ட்டு, நூத்துக்கணக்கான சாவுன்னு ஆகவேண்டி இருந்துச்சு. நம்ம ஊர்ல 1995 ஜனவரியில உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொல்லிச்சு, ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளியோட உடல்நலப் பதிவேட்ட வேலைக்குச் சேந்ததுல இருந்து 40 வருசம், இல்ல ஓய்வுக்குப் பொறவு 15 வருசம், எது பிந்தி வருதோ அதுவரைக்கும் வச்சிருக்கணும்னு. நல்ல தீர்ப்புதான். ஆனா அது ஃபேக்டரிக்குள்ள இருக்கறவங்களுக்கு. ஃபேக்டரி கேட்டத் தாண்டி லாரியில ஏறி வந்த ஷீட்ட வெட்டுற மாமா மாதிரி ஆளுங்களுக்கு முதலாளியே கெடையாது, அன்னன்னிக்குக் கூலி, யாரு அவருக்குப் பதிவேடு வைப்பா? அவரு துணிய உதறுன அத்தை அந்தக் கணக்குல எந்த மூலையில வருவாங்க?

தடை பண்ணுவாங்களான்னா அதுலயும் நம்பிக்கை வரல. பக்கத்துல இலங்கையப் பாருங்க. 2018 ஜனவரில இருந்து ஆஸ்பெஸ்டாஸ் எறக்குமதிய நிறுத்தப் போறதா சொன்னாங்க. 2017 டிசம்பர்ல ரஷ்யா, உங்க தேயிலைச் சரக்குல வண்டு இருந்துச்சுன்னு சொல்லி தேயிலை வாங்குறதயே நிறுத்துச்சு. ஆஸ்பெஸ்டாஸ் விக்கிற நாடும் அதுதான். இலங்கை தடைய தள்ளி வச்சுது, தேயிலை மறுபடி போக ஆரம்பிச்சுது. வண்டு என்னாச்சுன்னு யாரும் கேக்கல. மலையகத்துல அந்தத் தேயிலையக் கிள்ளுற நம்ம ஜனங்க லயன் வீட்டுலயும் கூரை தகரமோ ஷீட்டோதான், அத நெனச்சா சிரிக்கவும் முடியல.

அதனால "ஆதாரம் இல்ல"ன்னு யாராச்சும் சொன்னா, பாத்துட்டு இல்லங்கிறீங்களா, பாக்காமலே இல்லங்கிறீங்களான்னு நான் இப்ப திருப்பிக் கேக்குறேன். கிரைசோடைலும் ஆட்டோ இம்யூனும்னு வர்றப்ப எலியில கொஞ்சம் பாத்திருக்காங்க, வரல. ஷீட்டு வெட்டுற தமிழ்நாட்டு கூலிக்காரங்கள்ல யாராச்சும் இப்படி வரிசையா உக்கார வச்சுப் பாத்ததா என் கண்ணுல படல. ரெண்டும் ஒரே "இல்ல" கெடையாது.

டாக்டர்கிட்ட அடுத்த செக்கப்புக்கு நான்தான் கூட்டிட்டுப் போனேன். அத்தையோட மில்லு வேலையையும் மாமா வேலையையும் ஒரு தாள்ல எழுதிக் குடுத்தேன். மனுசன் முழுசா படிச்சாரு, அதுக்கே அவருக்கு ஒரு கும்பிடு போடணும், வெளிய அம்பது பேர் உக்காந்திருக்காங்க. "மருந்து மாறாதுங்க, ஆனா இந்த மாதிரி இருந்தா நுரையீரல ஒரு தடவ நல்லா பாத்துரலாம்"னு சிடி ஸ்கேன் எழுதுனாரு. ருமட்டாய்டே நுரையீரலத் தொடும், மெத்தோட்ரெக்ஸேட்டும் சில பேருக்குத் தொடும், அதுக்கு மேல பழைய தூசி வேற. காரணம் தேடுனதுல உருப்படியா கெடச்சது இந்த ஒரு ஸ்கேன்தான்னு சொல்லலாம். ரிப்போர்ட்ல பெருசா ஒண்ணும் இல்ல, லேசா ஒரு பக்கம் உறை தடிப்பு, வருசா வருசம் பாக்கணும். அந்தத் தடிப்பு எதுனாலன்னு அத்தை கேக்கல. மச்சான் கேட்டாரு.

கூரைய எறக்குனோம். ஆட்டோ இம்யூனுக்காக இல்ல, ஷீட்டு பல எடத்துல விரிசல் விட்டு, மேல்பக்கம் அரிச்சு, விரல வச்சுத் தேச்சா மாவு மாதிரி வர்ற நெலமைக்கு வந்துருச்சு, மழையில ஒழுகவும் செய்யுது. நல்லா இருக்குற ஷீட்டா இருந்தா தொடாம விட்டு பெயிண்ட் அடிச்சிருந்தாலே போதும்னு மச்சான்கிட்ட சொல்லியிருப்பேன். சம்மட்டி வேண்டாம்னு முன்னாடியே ஒப்புக்க வச்சாச்சு. மொதல்ல ஹோஸ் போட்டு ரெண்டு பக்கமும் நல்லா நனைச்சோம், துருப்பிடிச்ச ஜே போல்ட்ட மெஷின் போடாம கையாலயே அறுத்து எடுத்தோம், ஷீட்ட முழுசா முழுசா கயிறு கட்டி எறக்குனோம், ஒடைஞ்ச துண்ட ஈரத்தோட தடிச்ச பிளாஸ்டிக்ல சுத்திக் கட்டுனோம், அத்தைய அன்னிக்கு மக வீட்டுக்கு அனுப்பியாச்சு. கூட வந்த பசங்க எல்லாருக்கும் மெடிக்கல்ல விக்கிற துணி மாஸ்க் பத்தாதுன்னு சொல்லி என்95 வாங்கிக் குடுத்தேன், இந்த வேலைக்கு அத விட ஒசந்த பில்டர் மாஸ்க் வேணும்னுதான் விதி, எங்க ஊர் கடையில அதுதான் கெடச்சுது. அதுலயும் ஒரு பையன் வேர்க்குதுன்னு பாதியில கழட்டிட்டான். போட்டிருந்த துணிய உதறாம அப்படியே தண்ணியில முக்கச் சொன்னேன். மச்சான் அப்ப என்னைய ஒரு பார்வை பாத்தாரு.

இப்ப பிரச்சனை வேற. எறக்குன ஷீட்டு எல்லாம் கொல்லையில தார்ப்பாய் போட்டு மூடிக் கெடக்கு. பஞ்சாயத்துக் குப்பை வண்டிக்காரர் ஏத்த மாட்டேன்னுட்டாரு, பழைய இரும்புக் கடைக்காரருக்கும் வேண்டாம். பக்கத்து வீட்டு அண்ணன் மட்டும் பாக்குறப்பல்லாம், "நல்ல ஷீட்டா பத்து தேறும்போல, ஆட்டுக் கொட்டகைக்குக் குடுங்க, சும்மா வேண்டாம், காசு தரேன்"ங்கிறாரு. மச்சான் முடியாதுன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு, அத்தைக்கு அக்கம்பக்கத்துல மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்ல வாய் வரல, "அவருகிட்ட ஆடுதானேப்பா இருக்கு, மனுசனா படுக்கப் போறான்"னு என்கிட்ட கேக்குறாங்க, வெட்டி மாட்டுறது மனுசன்தானே அத்தன்னேன். திண்டுக்கல், மதுரை பக்கம் இந்த மாதிரி கழிவ முறையா வாங்கிக்கிற எடம் யாருக்காச்சும் தெரிஞ்சா சொல்லுங்க, வண்டி வாடகை மச்சான் குடுத்துக்குவாரு.